வீட்டின் சாவியும் வாழ்வின் சாவியும்

திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது எது? ஊரை ஒட்டித் திண்டு போலப் படுத்திருக்கும் பாறையும் அதன்மேல் நிற்கும் கோட்டையும் என்று சிலர் சொல்லக்கூடும். பெரும்பாலோர் பூட்டையே சொல்வார்கள். மாங்காய் வடிவில் கனத்துத் தொங்கும் அந்தப் பூட்டைப் பாட்டனார் வீட்டுக் கதவில் கண்ட நேயர்கள் பலர் இருப்பார்கள். 2019-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு என்னும் கௌரவமும் கிடைத்தது. பூட்டுப் பட்டறையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும்: பூட்டை உருவாக்குவது ஒரு வேலை; அதற்கே பொருந்துமாறு சாவியை அராவி எடுப்பது வேறு வேலை. சாவி பொருந்தாவிட்டால் எவ்வளவு உறுதியான பூட்டாயினும் அது வெறும் இரும்புக் கட்டிதான்.

இந்த ஊருக்குக் கிழக்கே உள்ள தோட்டனூத்து என்னும் கிராமத்தில் 2022 செப்டம்பர் 14 அன்று 321 குடும்பங்களுக்குப் புது வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. முதலமைச்சர் நேரில் வந்து திறந்து வைத்தார். வீடு பெற்றவர்கள் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய மூன்று முகாம்களில் பல்லாண்டுகள் வசித்துவந்த இலங்கைத் தமிழர்கள். பதினேழு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. காரைச் சுவர், சமையலறை, கழிப்பிடம், மின்விளக்கு, சாலை ஆகிய சாதாரண வசதிகள் எல்லாம், தகரமும் ஓலையும் வேய்ந்த பத்துக்குப் பத்தடி அறையில் பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கலியாணமும் செய்து வைத்தவர்களுக்கு எத்தகைய பாக்கியமாயிருக்கும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டின் சாவி கிடைத்துவிட்டது. வாழ்வின் சாவி கிடைத்ததா? இவ்வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் பிறர் கையை எதிர்பாராமல் தம் காலில் நிற்கும் நாள் நெருங்கியிருக்கிறதா? அவர்களை நிற்கச் செய்வதற்கென்று சர்க்கார் செய்துவரும் ஏற்பாடுகள் பலன் தருகின்றனவா என்பதை எந்தக் கோல் கொண்டு அளப்பது? இந்த வினாக்களையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

வந்தவர்கள் யார்?

1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்பும், 1990-இல் யுத்தம் மீண்டும் மூண்டபோதும், அதன் பின்னரும் அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்கள் இவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வசிப்பதாக 2021-ஆம் ஆண்டில் கணக்குக் காட்டப்பட்டது. அவர்களில் பலர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வம்சத்தினர். நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் சந்ததி. திண்டுக்கல் 1985 வரை மதுரை ஜில்லாவைச் சேர்ந்தே இருந்தது என்பதை நினைவூட்டுகிறோம். இந்தச் சமவெளியிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் சிலர், குண்டுக்கு அஞ்சி இதே சமவெளிக்குத் திரும்பியிருக்கவும் கூடும்.

2021 ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் இவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மாறி மறுவாழ்வு முகாம் ஆயிற்று. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதென்றும், முதற்கட்டமாக 3,510 வீடுகள் என்றும் தீர்மானமாயிற்று. மாதாந்தர உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. கல்விக் கட்டண உதவி, இளைஞருக்குத் தொழிற்பயிற்சி, மாதர் சுயஉதவிக் குழுக்களுக்கு நிதி ஆகியனவும் அத்திட்டத்தில் அடங்கும்.

கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு இவ்விகிதப்படி மாதம் 3,500 ரூபாய் வரும். இந்நாளில் அதைக் கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியாதென்பதை நம் வீட்டு மளிகைக் கணக்கே சொல்லும். ஆதலால் முகாம் ஆண்கள் பெரும்பாலும் சுவர்களுக்குச் சாயம் பூசவும், கட்டட வேலைக்கும், கூலி வேலைக்கும் போகிறார்கள். பட்டம் பெற்ற இளைஞனும் கையில் தூரிகை எடுத்துச் சாரத்தின்மேல் ஏறுகிறான்.

தேறியவர் பட்டியல் போதுமா?

இத்தனை பேருக்குத் தையல் கற்பித்தோம், இத்தனை பேருக்குக் கணினி கற்பித்தோம், இத்தனை குழுக்களுக்குக் கடன் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கைகள் வருகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவை செலவின் கணக்கேயன்றிப் பலனின் கணக்கல்ல.

உபாத்தியாயத் தொழிலில் உள்ள நமக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. பரீட்சை முடிவு வெளியானதும் முதல் வகுப்பில் தேறிய பத்து மாணவர்களின் படங்களை வாசலில் மாட்டி, பள்ளியின் போதனைச் சிறப்பு இதுவென்று பறைசாற்றுவது வழக்கம். அந்தப் பத்துப் பேரும் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள் என்பது எங்களுக்கு உள்ளூரத் தெரியும். பள்ளியின் மெய்யான திறமையை அறிய வேண்டுமானால், அதே நிலையிலுள்ள வேறு பிள்ளைகள் இந்தப் போதனை இல்லாமல் எவ்வளவு தேறினார்கள் என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாம் செய்த வேலை. மீதியெல்லாம் பிள்ளையின் சொந்த முயற்சி. அல்லது காலத்தின் போக்கு.

ஏழைக் குடும்பங்களுக்கு வீடும் தொழிலும் கொடுக்கும் திட்டங்களையும் இப்படியே சோதிக்கவேண்டும். பல தேசங்களில் அவ்வாறு சோதித்திருக்கிறார்கள். முதலில் நம் நாட்டுச் சோதனை ஒன்றைப் பார்ப்போம்.

ஆமதாபாத்தின் குலுக்கல்

ஆமதாபாத் நகரில் சேவா என்னும் மாதர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஏழைப் பெண்களுக்கென்று 1987-இல் சலுகை விலை வீட்டுத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. பீடி சுற்றுவதும் ஊதுவத்தி உருட்டுவதுமே அவர்கள் ஜீவனம். கேட்டவர்கள் 497 பேர், வீடுகளோ 110. ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அதிர்ஷ்டத்தைத் தவிர இரு சாராருக்கும் வேறுபாடு இல்லையாதலால், வீட்டின் பலனை அளக்க இதைவிடச் சிறந்த துலாக்கோல் கிடையாது.

வீடு கொடுத்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் இரு சாராரையும் தேடிச் சென்று விசாரித்தார்கள். வீடு பெற்றவர்கள் நல்ல வீட்டில் இருந்தார்கள் என்பது மெய்தான். ஆனால் குடும்ப வருமானத்திலோ, பிள்ளைகளின் முன்னேற்றத்திலோ எந்த வித்தியாசமும் காணப்படவில்லை. சீட்டு விழுந்தவர்களில் நூற்றுக்கு 34 பேர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. இன்னும் 32 பேர் போய்ச் சில காலம் இருந்துவிட்டு வெளியேறினார்கள். புதுக் குடியிருப்பு நகரத்தின் நடுவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. தொழில், உற்றார், உறவினர் எல்லாம் பழைய இடத்தில். திடீரென்று நோய் வந்தால் கைமாற்றுக் கொடுக்கும் அண்டை வீட்டுக்காரியும் பழைய இடத்திலேயே. அவளை விட்டுப் பிரிந்ததற்கு நல்ல சுவர் ஈடாகவில்லை.

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களும் வேலைக்குத் தூரம் என்ற இதே கஷ்டத்தைத்தான் அனுபவித்தன. மறுபக்கமும் உண்டு. பம்பாயில் குலுக்கலில் சலுகை விலை வீடு பெற்ற கீழ்மத்தியதர வகுப்பினரின் குடும்பங்களில், சில ஆண்டுகளிலேயே படிப்பும் வேலைவாய்ப்பும் உயர்ந்திருக்கக் கண்டார்கள். அவர்கள் அவ்வீட்டை வாடகைக்கு விட்டுத் தமக்குச் சௌகரியமான இடத்தில் வசிக்கலாம். காலம் வந்தால் விற்கவும் செய்யலாம். அதாவது வீடு அவர்களுக்கு உண்மையான சொத்தாயிருந்தது.

சம்பாதித்தால் தண்டனையா?

இனி அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்போம். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் சர்க்கார் உதவியுள்ள வீடுகளில் ஏழைகள் வசிக்கிறார்கள். அவர்கள் தம் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கை வாடகையாகக் கொடுக்கவேண்டும். ஆகையால் ஒருவன் நூறு டாலர் அதிகம் சம்பாதித்தால் முப்பது டாலர் வாடகையாகவே போய்விடும். உழைப்புக்கு இது ஒரு மறைமுக அபராதம் அல்லவா? இதை மாற்ற 1990-இல் ஒரு திட்டம் சட்டமாயிற்று. வருமானம் உயர்வதால் கூடும் வாடகைக்குச் சமமான தொகை அக்குடும்பத்தின் பேரில் சேமிப்பாகச் சேரும். குறித்த ஆண்டுகளுக்குள் வேலை தேடி, ரொக்க உதவியையும் விட்டவர்களுக்கு அத்தொகை முழுவதும் கிடைக்கும்.

கேட்பதற்கு எவ்வளவு அழகான ஏற்பாடு! 2013-இல் தொடங்கி 2,500-க்கு மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் யோசனைகளும் பயிற்சிகளும் அதிகம் பெற்றார்கள். சிலர் நல்ல சேமிப்பும் பெற்றார்கள். ஆனால் மொத்தத்தில் வேலையும் சம்பாத்தியமும் மற்றவர்களைவிட உயரவில்லை.

அதே நாட்டில் 1998-இல் ஆரம்பித்த ஜாப்ஸ் பிளஸ் என்னும் வேறொரு முயற்சி வேறு விதமாக முடிந்தது. அதில் மூன்று அங்கங்கள். குடியிருப்புக்குள்ளேயே வேலை தேடித் தரும் அலுவலகம் ஒன்று. சம்பாத்தியம் உயர்ந்தாலும் வாடகை அதிகம் ஏறாத ஏற்பாடு இரண்டு. எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற செய்திகளை அண்டை வீட்டாரே ஒருவருக்கொருவர் சொல்லி உதவுவது மூன்று. இந்த மூன்றும் முழுமையாக நடந்த மூன்று நகரங்களில், 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளில் குடித்தனக்காரர்களின் சம்பாத்தியம் ஒப்பிட்ட இடங்களைவிடச் சராசரி நூற்றுக்கு 14 அதிகமாயிருந்தது. அரைகுறையாக நடந்த இடங்களில் அத்தகைய பலன் நிலைக்கவில்லை. தனித்தனியே கொடுத்த மருந்து வேலை செய்யாமல், சேர்த்துக் கொடுத்த கஷாயம் வேலை செய்தது போன்ற கதை இது.

வங்காளத்திலும் இதே பாடந்தான். பங்களாதேசத்தில் பிராக் ஸ்தாபனம் 2002-இல் தொடங்கிய முறையில், மிக ஏழையான குடும்பத்துக்கு ஆடோ மாடோ கொடுத்து, சில காலம் உணவுக்குப் பணமும் கொடுத்து, சேமிக்கக் கற்பித்து, வாரந்தோறும் ஒருவர் வீடு தேடிப் போய் விசாரிப்பார். இம்முறையை இந்தியா உட்பட ஆறு தேசங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்து, 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். பொதுவில் நல்ல பலன். மேற்கு வங்காளத்தில் பத்து ஆண்டுகள் சென்ற பின்னும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. ஆனால் ஆந்திரப் பகுதியில் இதைப் போன்றதொரு திட்டம் பயன் தரவில்லை. ஏன்? அங்கே கூலி வேலைக்குக் கிராக்கி அதிகம். மாடு பெற்றவள் மாட்டைப் பார்க்கக் கூலியை விட்டாள். பெறாதவள் கூலிக்குப் போய் அதே அளவு சம்பாதித்தாள்.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்த ஆந்திரப் பாடம் மிக முக்கியம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பு ஆலைகள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டையில் பூச்சந்தை, சின்னாளபட்டியில் சேலை நெசவு, ஊருக்குள் தோல் பதனிடும் கூடங்களும் பூட்டுப் பட்டறைகளும். கூலி வேலை கிடைக்காத பூமி அல்ல இது. ஆகவே ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்து, மாதம் இவ்வளவு ஈட்டுகிறாள் என்று பெருமைப்படுமுன், அதே பெண் ஆலைக்குப் போயிருந்தால் எவ்வளவு ஈட்டியிருப்பாள் என்று கேட்கவேண்டும்.

தோட்டனூத்துக்கு ஒரு பரீட்சைத்தாள்

இப்பாடங்களைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டனூத்தைத் திரும்பப் பார்ப்போம். ஒரு விஷயத்தில் அது ஆமதாபாத்தைவிட மேல். அதே வட்டாரத்து முகாம்காரர்களை அதே வட்டாரத்திலேயே குடியமர்த்தியிருக்கிறார்கள், சுற்றம் சிதறவில்லை. இது சிறிய நன்மையன்று.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில. முகாம்களில் குறித்த நாட்களில் ஆள் சரிபார்ப்பு நடப்பது வழக்கம். அன்று இல்லாதவர் உதவித்தொகையை இழக்க நேரும். வெளியூரில் நல்ல வேலை கிடைத்தவன் வேலையை விடுவதா, தொகையை விடுவதா என்று தடுமாறினால், அமெரிக்கனின் வாடகை அபராதம் போன்ற ஓர் அபராதம் இங்கும் இருக்கிறது என்றே பொருள். பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தொழிலில் இருக்கிறார்கள்? மாதர் குழுவின் கடன் புதுத் தொழிலில் முதலாகிறதா, பழைய கந்துக் கடனை அடைக்கப் போகிறதா?

இவற்றுக்கு விடை காணப் பெரிய செலவும் தேவையில்லை. ஏழாயிரத்துச் சொச்சம் வீடுகளைக் கட்டம் கட்டமாகவே கட்டத் தீர்மானித்தார்கள். முன்னதாக வீடு பெற்ற முகாமின் வருமானம், கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை, பிற்பாடு வீடு பெறும் முகாமோடு ஆண்டுதோறும் ஒப்பிட்டு எழுதி வந்தால் போதும். அதுவே நேர்மையான பரீட்சை. பக்கத்தில் 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் ஸ்தாபித்த காந்திகிராமம் இருக்கிறது. அங்கே கிராமியப் பல்கலைக்கழகமும் நடைபெறுகிறது. கதர், கிராமக் கைத்தொழில், சித்த மருந்துத் தயாரிப்பு ஆகியவற்றால் ஏழை மாதருக்கு ஜீவனம் தேடித்தந்த பூமி அது. இத்தகைய கணக்கெடுப்புக்குத் தகுந்த கல்விச்சாலையைத் தேடி வெகு தூரம் போகவேண்டாம்.

திறவாத பூட்டு

ஆனால் எந்தத் தொழிற்பயிற்சியாலும் திறக்க முடியாத ஒரு பூட்டு இருக்கிறது. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், முகாமில் பிறந்து வளர்ந்தவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பத் தாளுடன் வந்தான். எல்லாக் கட்டங்களையும் முத்து முத்தான எழுத்தில் நிரப்பியிருந்தான். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாயிருந்தது. “ஐயா, இதில் என்ன எழுதட்டும்?” என்று கேட்டான். எந்த நாட்டுப் பிரஜை என்பதே அக்கட்டத்தின் கேள்வி. தமிழ்ப் பாடத்தில் எத்தனையோ சந்தேகங்களை அவனுக்குத் தீர்த்து வைத்த நாம், அதற்கு விடை சொல்ல முடியாமல் நின்றோம்.

சட்டம் சொல்வது இது: 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே பிரஜை. அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது பிரஜையாயிருக்கவேண்டும். 2004 டிசம்பரிலிருந்து அந்த விதி இன்னும் கடுமையாயிற்று. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. இதனால் அச்சம் குறைந்தது, உரிமை பிறக்கவில்லை. பிரஜையல்லாதவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் இல்லை; பாங்கியில் கடன் பெறுவது கடினம்; தங்கியிருக்கும் வீடும் விற்கவோ அடகு வைக்கவோ கூடிய சொத்தல்ல.

இந்நிலையில் அவனுக்குக் கொடுத்த பயிற்சி பலிக்கவில்லை என்று மதிப்பெண் போடுவது, வினாத்தாளையே கையில் கொடுக்காமல் மாணவனுக்குச் சைபர் போடுவதற்கு ஒப்பாகும். திட்டத்தை மதிப்பிட வருகிறவர்கள் இதைத் தம் அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதவேண்டும். எழுதாவிட்டால், குற்றம் பூட்டிலிருக்கப் பழி சாவியின்மேல் விழும்.

நம் தேசம் சுதந்திரம் வேண்டிப் போராடிய காலத்தில், பிறர் தயவில் வயிறு நிரம்புவது சுயராஜ்யம் ஆகாது என்பதை ராட்டையின் மூலம் காந்தியடிகள் நமக்குக் கற்பித்தார். ஒரு தேசத்துக்குப் பொருந்திய அந்த நியாயம் தோட்டனூத்தில் உள்ள ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும். வீடு கட்டித் தந்த சர்க்காரை மனமாரப் பாராட்டுவோம். ஆண்டுதோறும் கணக்கெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஜில்லா அதிகாரிகளை வற்புறுத்துவோம். வோட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம், வோட்டில்லாத அவர்களுக்காக நாம் கேள்வி கேட்போம்.

அந்த மாணவன் இப்போது சுவர்களுக்குச் சாயம் பூசும் வேலை செய்கிறான். விண்ணப்பத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னான். வெறுமையாயிருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பும் நாள் வந்தால், மற்றக் கட்டங்களை அவனே தன் கையால் நிரப்பிக்கொள்வான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.